சேமிப்பும் வினையும்

ஃபால்அவுட்: நியூ வேகாஸ் என்ற கணினி விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் (நல்ல கவிஞர், அதிகம் எழுதாதவர்) “என்ன, பாங்கில் வேலை குறைந்துவிட்டதா?” என்று கேட்டார். குறையவில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, எங்கள் கிளையில் பாதிப்பேர் ஒரு நாளும் மீதிப்பேர் மறுநாளும் வந்தால் போதும் என்று ஆயிற்று. போக வேண்டாத நாட்களில் நான் படித்திருக்க வேண்டியவை நிறைய இருந்தன. படிக்கவில்லை. தம்பி விட்டுப்போன பழைய லாப்டாப்பில், வெளிவந்து பத்து வருஷம் ஆகப்போகிற ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். இதை ஒரு பலவீனம் என்று ஒப்புக்கொண்டு தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை. சமீப வருஷங்களில் நான் வாசித்த நாவல்களில் பெரும்பாலானவை எழுப்பாத ஒரு கேள்வியை அந்த விளையாட்டு எழுப்பியது. எழுப்பிய கையோடு அதைக் கெடுத்தும் விட்டது. கெட்டது எப்படி என்பதுதான் இங்கே என் விஷயம்.

ஆடாதவர்களுக்காகச் சில விவரங்கள். அப்ஸிடியன் என்டர்டெயின்மென்ட் என்ற கலிபோர்னிய நிறுவனம் உருவாக்கி 2010 அக்டோபரில் வெளிவந்தது. பாத்திரமேற்று ஆடும் வகை. அதாவது ஒரு ஆளின் உடம்புக்குள் நாம் புகுந்துகொண்டு, அந்த ஆள் போகும் வழியையும் பேசும் பேச்சையும் செய்யும் காரியத்தையும் தீர்மானிக்க வேண்டும். 2077-இல் ஓர் அணு யுத்தம் நடந்து முடிந்துவிட்டது. ஆட்டம் நடப்பது 2281-இல், அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில். பொட்டலம் கொண்டுபோகும் ஒரு கூரியரை, கட்டம் போட்ட கோட்டுக்காரன் ஒருவன் தலையில் சுட்டுக் குழியில் போட்டுவிடுகிறான். பிழைத்து எழுகிற அந்தக் கூரியர்தான் நாம். எழுந்திருக்கும் ஊர் குட்ஸ்பிரிங்ஸ். நெவாடாவில் இன்றும் இருக்கிற சின்ன ஊர். 1930-களில் கட்டப்பட்ட ஹூவர் அணையை யார் வைத்துக்கொள்வது என்பது கதையின் பெரிய சண்டை.

இந்தச் சண்டையில் நல்லவர் கட்சி என்று ஒன்று இல்லை. கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் குடியரசு சட்டத்தைக் கொண்டுவருகிறது, கூடவே வரியையும் கொண்டுவருகிறது, தண்ணீரையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. ரோமாபுரியைப் பாவனை செய்யும் சீஸரின் படை மனிதர்களை அடிமையாக்குகிறது, சிலுவையில் ஏற்றுகிறது. அவர்களுடைய பிரதேசத்தில் மட்டும் வழிப்பறி இல்லை என்று வியாபாரி சொல்கிறான். இயந்திரப் பெட்டிக்குள் இருநூறு வருஷமாக உயிரோடு கிடக்கும் ஹவுஸ் என்ற பணக்காரன், அந்த நகரத்தை ஏவுகணைகளிலிருந்து நிஜமாகவே காப்பாற்றியவன், அதனாலேயே அதைத் தன் சொத்தாக நினைப்பவன். யார் பக்கம் நின்றாலும் கையில் கொஞ்சம் அழுக்கு ஒட்டும். எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார்கள், பிரசங்கம் செய்யவில்லை. நம் சமூக நாவலாசிரியர்கள் சிலரிடம் இதைச் சொல்லலாம் என்று தோன்றும், சொல்வதில்லை.

ஆனால் ஆட்டம் வெளிவந்த நாளிலேயே தள்ளாடியது. கண் திறந்ததும் முதலில் பார்க்கிற மனிதர் டாக்டர் மிட்செல். சிலருடைய கணினியில் அவருடைய தலை கழுத்தின்மேல் பம்பரம்போல மெல்லச் சுற்றியது, பேச்சு மட்டும் பரிவோடு வந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சியைப் படமெடுத்து உலகம் முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க முடியாதது ஆட்டம் விழுவது. திரை உறைந்து, ஒலி ஒரு கணம் திக்கி, பிறகு எல்லாம் மறைந்து மேஜைப் படம் தெரியும். ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு மன்னிப்பு வாசகம்கூட இல்லை.

காரணங்களை ஓரளவு தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய 18 மாதத்தில் செய்துமுடித்த ஆட்டம். அடியில் ஓடும் கேம்ப்ரியோ என்ற எஞ்சின் 2006-இலும் 2008-இலும் வந்த வேறு இரண்டு ஆட்டங்களில் ஓடிக் களைத்தது. 32 பிட் நிரல், ஆகையால் கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 2 ஜிபிக்கு மேல் அதற்கு எட்டாது, எட்டாதபோது விழும். இவற்றைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது வேறொன்று. இந்த எஞ்சினில் உலகம் ஒரு மூலப் பிரதி. நாம் சேவ் செய்யும்போது அது முழு உலகத்தையும் எழுதிவைப்பதில்லை. மூலத்திலிருந்து நம்மால் மாறியவற்றை மட்டும் எழுதுகிறது. நாம் கொன்ற ஆள், திறந்த பெட்டி, தட்டிவிட்ட தேநீர்க் கோப்பை, எல்லாம் ஒரு வரி. ஆட ஆடக் கோப்பு பெருத்துக்கொண்டே போகும். ஆட்டத்தின் இயக்குநர் ஜாஷ் சாயர் 2011-இல் இதை விளக்கியிருக்கிறார். பிளேஸ்டேஷன் 3-இல் நினைவகம் 256 எம்பியாக இரண்டு துண்டு. நெடுநாள் ஆடியவர்களுடைய உலகம் அதில் மூச்சுத் திணறும். சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையைப் பிரித்து வைத்தவர்கள் நம் ஆட்கள். சஞ்சிதம் என்பதற்கு இதைவிடக் கறாரான உருவகம் நான் பார்த்ததில்லை. தொட்டதெல்லாம் குவிந்து, கடைசியில் குவியலே ஆளைச் சாய்க்கிறது.

பாவம், அவர்களுக்கு நஷ்டமும் ஆயிற்று. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்திருந்தால் அப்ஸிடியனுக்கு ஊக்கத்தொகை உண்டு. வந்தது 84. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் 2012-இல் இதைச் சொன்னார். விமர்சகனுடைய ஒரு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு விலை உண்டு என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இனி என் சங்கதி. ஆட்டத்தில் வால்ட் 34 என்று ஓர் இடம். வால்ட் என்ற சொல் வங்கிக்காரனுக்குப் பழக்கம், ஆனால் இங்கே அது யுத்தத்துக்கு முன் மனிதர்களை அடைத்துக் காப்பாற்றக் கட்டிய நிலவறை. 34-இல் ஜனம் அதிகம், துப்பாக்கி அதைவிட அதிகம். கலகம் நடந்து, அணு உலை சேதமாகி, கதிர்வீச்சு நிலத்தடி நீரில் கசிகிறது. அந்த நீர் குடியரசின் குத்தகைப் பண்ணைகளுக்குப் போகிறது. பயிர் கெடுகிறது, என்ன என்று பார்த்துவரச் சொல்கிறார்கள். நாம் உள்ளே போகிறோம். தண்ணீர் நிறைந்த தாழ்வாரங்கள், கதிர்வீச்சில் தோல் உரிந்து புத்தி போன பழைய காவலர்கள், ஒன்றுக்கொன்று ஒத்துவராத கதவுகள். உலையை அடைக்கும் இடத்துக்கு நான் போய்ச் சேர எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே கணினித் திரையில் ஒரு செய்தி வருகிறது. உள்ளே இன்னும் சிலர் உயிரோடு சிக்கியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டை எங்கள் பக்கம் திருப்பிவிடு, வெளியேறிவிடுகிறோம் என்கிறார்கள். திருப்பினால் அவர்கள் பிழைப்பார்கள், கசிவு தொடரும், பண்ணை அழியும். உலையை மூடினால் பண்ணை பிழைக்கும், அவர்கள் உள்ளேயே சாவார்கள்.

நான் திருப்பிவிட்டேன். முடிவெடுக்கச் சில நிமிஷங்கள் ஆயின. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்று ஞாபகம். என் தர்க்கம் சரியோ தப்போ, பண்ணைக்காரர்களுக்கு வேறு இடம் இருக்கலாம், கதவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இல்லை என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தியபின் நெஞ்சில் ஏதோ ஒன்று அமர்ந்தது. பண்ணைக்குப் போய் அந்த மனிதர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். வாசல் கதவைத் திறந்தேன். ஆட்டம் விழுந்தது.

தானாகச் சேவ் ஆகும் வசதியை அணைத்துவிடு, அதனாலேயே விழுகிறது என்று அனுபவஸ்தர்கள் சொன்னதைக் கேட்டு அணைத்து வைத்திருந்தேன். நானாகக் கடைசியில் சேவ் செய்திருந்தது நிலவறைக்கு வெளியே, உள்ளே நுழையும் முன்னால். எனவே நான் யாரையும் காப்பாற்றவில்லை, எந்தப் பண்ணையையும் அழிக்கவில்லை. இரண்டு மணி நேரம் நடக்கவே இல்லை.

இலக்கியம் படித்தவனுக்குக் கைக்கெட்டும் விளக்கம் கோல்ரிட்ஜ். அவநம்பிக்கையை மனமுவந்து ஒத்திவைப்பது என்று 1817-இல் அவர் சொன்னதைக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஒத்திவைத்தது கலைந்துவிட்டது, ரசனை கெட்டது. இது போதாது என்பது என் அபிப்பிராயம். சின்ன வயதில் கூத்துப் பார்த்திருக்கிறேன். துரியோதனன் வந்து ஆடும்போது பெட்ரோமாக்ஸ் மங்கும். ஒருவர் வந்து பம்ப் அடிப்பார். துரியோதனன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், பீடிகூடப் பிடிப்பான். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்தில் தொடர்வான். யாருக்கும் எதுவும் கெட்டதில்லை. டூரிங் டாக்கீஸில் ரீல் அறுந்தால் விசில் அடித்தோம், ஒட்டிப் போட்டதும் அழ வேண்டிய இடத்தில் அழுதோம். ரசனை அவ்வளவு சொகுசான பொருள் அல்ல. நம்பிக்கை கலைந்து கலைந்து கூடக்கூடியது. துரியோதனன் வாழ்க்கையில் எனக்கு வேலை இல்லை, அவனுடைய தீர்மானங்கள் அவனுடையவை; விளக்கு அணைந்தாலும் அவை அப்படியே இருக்கும். நிலவறையில் செய்தவன் நான். விளக்கு அணைந்தபோது என் செய்கை இல்லாமல் போயிற்று.

ஆகையால் மறுபடி போனேன். இந்தத் தடவை ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது, வழி தெரியுமே. காவலர்கள் எந்தத் திருப்பத்தில் பாய்வார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே சுட்டேன். திரையில் செய்தி வந்தபோது படிக்காமல் தள்ளினேன். பொத்தானுக்கு முன்னால் நின்றபோது, போன தடவை திறந்துவிட்டோம், இந்தத் தடவை மூடித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. மூடினேன். நெஞ்சில் ஒன்றும் உட்காரவில்லை. வெளியே வரும் வழியில், வேறொரு கதவில், ஆட்டம் விழுந்தது.

மூன்றாவது தடவை ஒவ்வொரு கதவுக்கும் முன்னும் பின்னும் சேவ் செய்தேன். பொத்தானுக்கு முன்னால் ஒரு சேவ். திறந்தேன், சேவ். முந்தையதை லோட் செய்து மூடினேன், சேவ். ஐந்து நிமிஷத்துக்குள் அதே மனிதர்கள் பிழைத்தார்கள், செத்தார்கள். 112-ஆம் கோப்பில் உயிரோடு இருக்கிறார்கள், 113-இல் இல்லை. இரண்டும் அந்த லாப்டாப்பில் இன்னும் இருக்கின்றன. நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

சேவ் செய்யும் வசதி எல்லா ஆட்டத்திலும் இருக்கிறதே, இதில் ஆட்டம் விழுவதன்மேல் என்ன குற்றம் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். திடமான ஓர் ஆட்டத்தில் நான் சேவ் செய்வதைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியும். ஒரே கோப்பு, திரும்பிப் பார்ப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டு ஆடுகிறவர்கள் உண்டு. என் தீர்மானத்தின் விளைவை நான் ஏற்கிறேன் என்ற கௌரவம் அதில் இருக்கிறது. தள்ளாடுகிற ஆட்டத்தில் அந்தச் சங்கல்பம் அசட்டுத்தனம். சேவ் செய்யாதவனை அது தண்டிக்கும், ஆனால் அவன் செய்த எதற்காகவும் அல்ல, கதவைத் திறந்ததற்காக. செய்ததற்கும் பட்டதற்கும் சம்பந்தம் அறுந்த ஓர் உலகத்தில் ஜாக்கிரதை ஒன்றுதான் மிஞ்சும். ஜாக்கிரதைக்காகச் செய்த சேவ்கள் நூறு கையில் இருக்கும்போது, மனசுக்குப் பிடிக்காத விளைவு வந்தால் அதில் ஒன்றைத் தொடாமல் இருக்க நான் முனிவன் அல்ல. விபத்துக்காக வாங்கிய இன்ஷ்யூரன்ஸை எல்லாவற்றுக்கும் கிளெய்ம் செய்ய ஆரம்பித்தேன். கடைக்காரனிடம் பேரம் படியவில்லை, லோட். கூட வந்த ஆள் கோபித்துக்கொண்டான், லோட்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் கணக்கு வழக்கில் என்னைப்போன்ற குமாஸ்தாவைவிட நேர்மையானவர்கள். அவர்களிடம் இரண்டு பேரேடு உண்டு. ஒன்றின் பெயரே கர்மா. யாரும் பார்க்காமல் திருடினாலும் அது குறையும், அது நம் ஊர் நம்பிக்கைதான். ஆனால் அது மட்டமான கணக்கு: புத்தி பேதலித்த பிணம்போன்ற ஜந்துக்களைச் சுட்டாலே ஏறிவிடும், திருட்டை இரண்டு தோட்டாவில் ஈடு கட்டலாம். இன்னொன்று, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கூட்டத்திடமும் நமக்குள்ள பேர். அதில் நல்ல பேர் ஒரு பத்தி, கெட்ட பேர் ஒரு பத்தி. ஒன்று மற்றதைக் கழிக்காது. நிறைய நல்லதும் செய்து கெட்டதும் செய்தவனை ஆட்டம் சராசரி மனிதன் என்று சொல்லாது. இளகிய மனசுள்ள பிசாசு என்பதுபோல் ஒரு பட்டம் கொடுக்கும். வங்கியில் எங்களுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது இதுதான். தப்பான பதிவைச் சுரண்டாதே, மேலே எழுதாதே. அந்நாட்களில் லெட்ஜரில் ஒரு கோடு கிழித்துச் சுருக்கொப்பம் இடுவார்கள். இப்போது கணினியில் எதிர்ப்பதிவு போடுகிறோம். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், யார் போட்டது என்பதும் இருக்கும். இவ்வளவு கறாராக ஒரு தர்மக் கணக்கைக் கட்டிவிட்டு, அதை ஆடுகிறவன் ஏட்டின் பக்கத்தையே கிழித்துக்கொண்டிருக்கும்படி ஆக்கியது அந்த எஞ்சின்.

கவிஞ நண்பர் இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் சொன்னார். எழுதுகிறவன் அடித்து அடித்து எழுதுவதில்லையா, அதுவும் லோட்தானே என்றார். நல்ல கேள்வி. அடித்த வரி எழுதியவன் மனசில் இருக்கும், அது வேறு. கடைசியில் ஒன்றை அவன் அச்சுக்குக் கொடுக்கிறான். கொடுத்தபின் இவர் அந்த வரிக்காக எவ்வளவு வருஷம் கூசிப்போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். 112-ஐயும் 113-ஐயும் கையில் வைத்துக்கொண்டு இரண்டுமே என் கவிதை என்று சொல்ல அவரால் ஆகாது. இன்னொரு நண்பர் ஹைடெக்கரின் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார்: கருவி உடையும்போதுதான் அது நம் கண்ணுக்குப் படுகிறது என்பது. அவரை அனுப்பிவைத்தோம். என் புகார் கருவி கண்ணில் பட்டதைப் பற்றி அல்ல. அது என் கையை என்ன செய்தது என்பதைப் பற்றி.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் எழுதி 1981-இல் புத்தகத்தில் சேர்த்த கட்டுரை ஒன்றில் ஒரு லாரி டிரைவர் வருகிறான். அவன்மேல் தப்பு எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு குழந்தை அவன் வண்டியில் அடிபட்டுப்போகிறது. சுற்றியிருப்பவர்கள், உன் தப்பு இல்லையப்பா என்று தேற்றுவார்கள். தேற்றுவது சரி. ஆனால் அவன் சட்டென்று தேறிவிட்டால் நமக்கு அவனைப் பற்றி என்னவோபோல் ஆகிவிடும். வேடிக்கை பார்த்தவனுடைய வருத்தம் வேறு, செய்தவனுடைய வருத்தம் வேறு. குற்றமே இல்லாவிட்டாலும் பின்னது ஒருவனுக்கு உரியது என்கிறார் வில்லியம்ஸ். முதல் தடவை வால்ட் 34-இலிருந்து வெளியே வரும்போது என் நெஞ்சில் அமர்ந்தது இதன் ஒரு சின்னப் பிரதி என்று நினைக்கிறேன். சின்னதுதான், பாவனைதான். கலையிடம் அதற்குமேல் யாரும் கேட்க முடியாது. மூன்றாவது தடவை அந்தப் பிரதிகூட இல்லை.

இதை ஒரு ரசனைக் குறைவு என்று சொல்லி விட்டிருப்பேன், மூன்றாவது தடவை அந்த இரண்டு பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த அம்மாள் ஞாபகம் வராமல் இருந்திருந்தால்.

2018-இல் ஒரு மதியம். கவுண்டரில் பதினொரு பேர் நிற்கிறார்கள். புருஷன் போனபின் வந்த பணத்தில் போட்ட மூன்று லட்ச ரூபாய் எஃப்டி, முதிர்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. மகன் வண்டி வாங்கிப் பிழைக்கப்போகிறானாம். ரசீதை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எடுத்துடலாமா தம்பி? நீங்க சொன்னா செய்யறேன்.” பேனாவை மூடாமலேயே சொன்னேன். “உங்க பணம்மா. உங்க இஷ்டம்.” அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் முன்கூட்டி முடிப்பதற்கான படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். வட்டி குறையும் என்று மட்டும் சொன்னேன், அதைச் சொல்ல வேண்டியது விதி.

வண்டி ஆறு மாதத்தில் போயிற்று. மகன் திருப்பூர் பக்கம் இருக்கிறான் என்றாள் ஒரு தடவை. பிறகு அந்தப் பேச்சு எடுப்பதில்லை. மாதம் முதல் தேதியை ஒட்டிக் குடும்பப் பென்ஷன் எடுக்க வருகிறாள். மற்ற கவுண்டரில் கூட்டம் இல்லாவிட்டாலும் என்னிடம்தான் வருவாள். என்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் சங்கடம்.

என் தப்பு இல்லை என்று நாலு பேர் சொல்வார்கள். குமாஸ்தா ஆலோசனை சொல்லக் கூடாது, சொன்னால்தான் வம்பு. சரிதான். ஆனால் வால்ட் 34-இல் லோட் செய்துகொண்டிருந்த அந்த நிமிஷத்தில், அந்த மதியத்துக்கு ஒரு சேவ் இருந்தால் என்று என் மனசு கேட்டது. கேட்டுவிட்டு அது செய்ததைப் பார்த்துத்தான் நான் லாப்டாப்பை மூடினேன். போய் என்ன சொல்வேன்? “வேண்டாம்மா” என்று சொல்லிப் பார்ப்பேன். மகன் சண்டை போட்டு அவளை விட்டுப் போய்விட்டால்? லோட். “பாதி எடுங்க” என்று சொல்லிப் பார்ப்பேன். அது சரிவரவில்லையா? லோட். எது நல்லபடி முடிகிறதோ அதை வைத்துக்கொள்வேன். நான் அவளுக்குப் பதில் சொல்லவே மாட்டேன் என்பது அப்போது தெரிந்தது. பதில்களை அவள்மேல் போட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான். “உங்க இஷ்டம்” என்று சொன்னவனுக்கும் இவனுக்கும் அதிக தூரம் இல்லை. இரண்டு பேருமே அந்தக் கேள்வி தங்கள்மேல் விழாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். அவள் கேட்டது தம்பியின் வாய்ச்சொல்லை. சரியோ தப்போ, ஒரு சொல். அது தப்பாகியிருந்தால் அவள் என்னைத் திட்டியிருக்கலாம், நான் தலை குனிந்திருக்கலாம். அந்த வழி இரண்டு பேருக்கும் இல்லாமல் அடைத்தவன் நான்.

ஒரு விளையாட்டின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்பதற்கு என்னிடம் திடமான பதில் இல்லை. பழக்கம் எங்கே படிகிறதோ அங்கேதான் படியும், அதற்கு விளையாட்டு, வேலை என்ற பேதம் தெரியாது என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. கவுண்டரில் இருக்கும்போதுகூட, ஏதாவது முடிவாகச் சொல்ல வேண்டி வந்தால், இடது கை மேஜையில் எதையோ தேடுவதைக் கவனித்திருக்கிறேன். எஃப்5. ஆட்டத்தில் சட்டென்று சேவ் செய்யும் பொத்தான்.

பிற்பாடு ஆட்டத்தைச் செப்பனிட்டேன். செய்தவர்கள் கைவிட்டதை வருஷக்கணக்காக ஆடியவர்களே சம்பளம் இல்லாமல் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன நிரல் அந்த 2 ஜிபி வரம்பை 4 ஜிபி ஆக்குகிறது. வேறொன்று ஆட்டம் விழப்போகும் தருணத்தில் அந்தப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரச் செய்கிறது. பிழையை மறைப்பது பிழையைத் திருத்துவது ஆகாது, பிறகு எங்கே என்ன கெட்டது என்றே தெரியாது என்று இந்த இரண்டாவதை வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி. முதலாவதை மட்டும் போட்டுக்கொண்டேன்.

இப்போது விழுவதில்லை, அல்லது அபூர்வமாகத்தான் விழுகிறது. புதிதாக ஆரம்பித்திருக்கிறேன், ஒரே கோப்பு. பாலைவனத்தில் அந்தி நேரம் நன்றாக இருக்கிறது. தூரத்தில் நகரத்தின் வெளிச்சம் தெரிகிறது, டாக்டரின் தலையும் நேராக இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விரல் எஃப்5 பக்கம் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

வால்ட் 34-க்கு இன்னும் போகவில்லை. பண்ணைக்கு மட்டும் போனேன். பயிர் கெட்டுப்போகிறது, தண்ணீரில் ஏதோ இருக்கிறது, பார்த்துவர முடியுமா என்று கேட்டார்கள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.